'பொருள்மாற்றம்' என்றால் எந்தப் பொருள்?

(சேலம் வட்டார ஆசிரியர்கள் ஐவர் பேசிக்கொண்டது; பெயருக்குப் பதில் அவரவர் ஊர்.)

அஸ்தம்பட்டி:
சமய ஒப்பியல் பாடக் குறிப்பேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பூசையில் அப்பமும் திராட்சை இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகவே ஆகின்றன என்னும் கத்தோலிக்கக் கோட்பாட்டுக்கு ஒரு சொல் வேண்டும். 'டிரான்சப்ஸ்டான்ஷியேஷன்' என்று அச்சடித்தால் பிள்ளைகள் அந்தப் பக்கத்தையே தாண்டிவிடுவார்கள். 'பொருள்மாற்றம்' போடட்டுமா? இந்தச் சடங்கைச் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட்) பிள்ளைகள் 'திருவிருந்து' என்பார்கள், கத்தோலிக்கப் பிள்ளைகள் 'நற்கருணை'. வகுப்பில் இரு தரப்பும் உண்டு.

செவ்வாய்ப்பேட்டை:
போடுங்கள் ஐயா, ஆனால் 'பொருண்மாற்றம்' என்று. மெல்லினம் வந்தால் ளகரம் ணகரமாகும், வேற்றுமையோ அல்வழியோ. சொல்லுக்குச் சான்றும் இருக்கிறது: கத்தோலிக்க விசுவாச அறிக்கையில் 'தந்தையோடு ஒரே பொருளானவர்'. 1215-இல் லாத்தரன் சங்கம் எடுத்தாண்ட கருத்து, 1551-இல் திரெந்து சங்கம் உறுதிசெய்தது; இரண்டும் கத்தோலிக்க ஆயர்களின் பொதுச் சங்கங்கள். நிறம், சுவை, எடை எதுவும் மாறாது, பொருள் மாறும்.

ஏற்காடு:
புணர்ச்சி சரி, பொருள்தான் உதைக்கிறது. தமிழில் பொருள் என்றால் அர்த்தமும்தானே! அப்பம் அப்பமாகவே இருக்க, அதன் அர்த்தம் மட்டும் மாறுகிறது என்று மாணவன் எழுதுவான். அது ஏறக்குறைய சுவிஸ் சீர்திருத்தவாதி சுவிங்லியின் கட்சி, திரெந்து மறுத்த கட்சி. ஒரே சொல் இரண்டு பெட்டியிலும் வாக்குப் போடுகிறது.

சூரமங்கலம்:
'மெய்ம்மாற்றம்' எப்படி? மெய் என்றால் உடல், மெய் என்றால் உண்மை. மெய் என்றால் எழுத்தும். ககர ஒற்றில் அகரம் ஏறினால் உயிர்மெய். கண்ணுக்கு ஓரெழுத்து, உள்ளே இரண்டு.

ஏற்காடு:
அம்மா, உயிர்மெய்யில் இரண்டும் அழியாமல் இருக்கின்றன. அது ஜெர்மன் சீர்திருத்தவாதி லுத்தர் வழி வந்த லுத்தரன் போதனை: அப்பத்தில், அப்பத்தோடு, அப்பத்தின்கீழ். ஏழாம் வேற்றுமையும் மூன்றாம் வேற்றுமையும் சேர்ந்த கட்சி. உரோமைத் திருச்சபைக்கோ அப்பம் என்னும் பொருளே மிச்சமில்லை.

இலக்கணம் பேசுவதால் ஒன்று. 1529-இல் மார்புர்க்கில் சுவிங்லியோடு நடந்த வாதத்தில் லுத்தர் மேசைமேல் சுண்ணக்கட்டியால் எழுதியது 'ஹோக் எஸ்ட் கார்புஸ் மேயும்', இலத்தீனில் 'இது என் உடலாயிருக்கிறது'. சுவிங்லி 'எஸ்ட்' ('இருக்கிறது') என்னும் வினையைக் 'குறிக்கிறது' என்று படித்தார். அவரோடு நின்ற எகோலம்பாடியுஸ் வினையைத் தொடாமல் 'உடல்' என்பதை உடலின் அடையாளம் என்றார், நம் கணக்கில் ஆகுபெயர். 'இது எனது உடல்' என்னும் தமிழில் பயனிலை பெயர்; சண்டை பிடிக்க வினையே கிடையாது. பழைய வேதாகமத்தின் 'சரீரமாயிருக்கிறது' என்பதில்தான் ஆதலும் இருத்தலும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

கொண்டலாம்பட்டி:
குறுக்கே ஒரு கேள்வி. கோதுமை ஒவ்வாதவர்களுக்கு நம் ஊர் மரவள்ளி மாவில் ஒஸ்தி (நற்கருணை அப்பம்) சுட்டால் என்ன?

செவ்வாய்ப்பேட்டை:
செல்லாது. திருச்சபைச் சட்டம் 924: அப்பம் கோதுமை மட்டும், இரசம் திராட்சைக் கனியினது, கெடாதது, சிறிது நீர் கலந்தது. காடியாகிவிட்ட இரசமும் தள்ளுபடி. பசையம் (குளூட்டன்) குறைத்த ஒஸ்தி செல்லும், அறவே நீக்கியது செல்லாது. அதுவும் ஒத்துக்கொள்ளாதவர் இரசம் மட்டும் வாங்கலாம். இதில் நமக்கும் வேலை இருக்கிறது. எழுந்தேற்றம் (பூசையில் அர்ச்சித்து உயர்த்துதல்) முடிந்த ஒஸ்தி பூஞ்சை பிடித்து அப்பத் தன்மையே போய்விட்டால் கிறிஸ்துவின் பிரசன்னமும் நீங்கும் என்பது இடைக்கால இறையியலார் அக்குவினாஸ் வழிப் போதனை. அப்படியிருக்க, நிறம், சுவை முதலிய அந்தப் பண்புகளைத் 'தோற்றம்' என்று குறிப்பேட்டில் எழுதாதீர்கள். நம் ஊரில் மாயை என்று படித்துவிடுவார்கள். 'பண்பு' போதும்.

அஸ்தம்பட்டி:
'உட்பொருள் மாற்றம்' என்று முடித்துக்கொள்கிறேன். நால்வர் சம்மதம், அச்சகத்தார் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்.

ஏற்காடு:
என் மறுப்பு இருக்கட்டும். 'செய்யுளின் உட்பொருளை விளக்குக' என்று வினாத்தாளில் கேட்பது நாம்தான்.

செவ்வாய்ப்பேட்டை:
குறைந்தபட்சம் 'உட்பொருண்மாற்றம்' என்றாவது போடுங்கள்.