‘பாப்புலேஷன் மொமென்டம்’: நாளைக்குள் ஒரு சொல் வேண்டும்

ந.: வணக்கம். பள்ளி மாணவர்களுக்கான மக்கள்தொகை வரலாற்று நூலில் சீனா பற்றிய இயலை மொழிபெயர்க்கிறேன். 1970இல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு பிள்ளைகளுக்குச் சற்றே குறைவு. 1990களின் தொடக்கத்தில் அது 2.1க்குக் (தொகை கூடாமல் குறையாமல் நிற்கத் தேவையான அளவு) கீழே இறங்கிவிட்டது. ஆனாலும் மொத்தத் தொகை 2021 வரை ஏறிக்கொண்டே இருந்தது. முந்தைய தலைமுறையில் ஏராளமாகப் பிறந்தவர்கள் ஆளுக்கு ஒன்றிரண்டு பெற்றாலே, பிறப்பு இறப்பை மிஞ்சிவிடும். இதற்கு ‘மக்கள்தொகை உந்தம்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானே? நாளை அச்சுக்குப் போகிறது.

செ.: முதலில் ‘மக்கள்தொகை’யைச் சரிசெய்யுங்கள். மக்கள்+தொகை = மக்கட்டொகை. ‘மக்கட் சுட்டே’ என்றார் தொல்காப்பியர், குறளில் மக்கட்பேறு. புணர்ச்சியை மறந்தவர்கள் கலைச்சொல் ஆக்கக் கூடாது.

கு.: ஐயா, ‘மக்கட்டொகை’ என்று கரும்பலகையில் எழுதினால் ‘டொகை’ என்றால் என்ன என்று கேட்பார்கள். அதை விடுங்கள். உந்தம் என்றால் என் மாணவர்களுக்கு நிறையும் திசைவேகமும் பெருக்கிய தொகை. தேர்வில் அதையே எழுதிவைப்பார்கள்.

ய.: எங்கள் பக்கம் (யாழ்ப்பாணம்) குடித்தொகை என்போம். புணர்ச்சிச் சண்டையே வராது.

செ.: குடித்தொகை நல்ல சொல், ஏற்கிறேன். ஆனால் உந்தம் பொருந்தாது. உந்துதல் என்றால் தள்ளுதல். இங்கே தள்ளுவது நின்ற பிறகும் ஓடுவதல்லவா பேச்சு? உந்தி என்றால் கொப்பூழ், ஆறு, நீர்ச்சுழி என்று பல பொருள் உண்டு, அது பெரிய கதை. என் பரிந்துரை ‘பெருக்க எச்சம்’. எச்சம் என்றால் எஞ்சியது. ‘எச்சத்தாற் காணப்படும்’ என்ற குறளுக்குப் பரிமேலழகர் உரையில் மக்கள் என்றும் பொருள். ஒரே சொல்லில் மிச்சமும் பிள்ளையும் வந்துவிடுகின்றன!

கு.: அழகுதான். ஆனால் காக்கை எச்சம் என்று ஒருவன் சொன்னால் போதும், அன்றைக்குப் பாடம் முடிந்தது.

வி.: சொல்லை விட்டு ஒரு செய்தி. ஒரு குழந்தைத் திட்டத்தால்தான் பிறப்பு குறைந்தது என்று அந்த இயலில் இருந்தால் திருத்திவிடுங்கள். அது நாடு முழுதும் வந்தது 1980இல். ‘தாமதமாக, இடைவெளிவிட்டு, குறைவாக’ என்ற இயக்கம் நடந்த 1970களிலேயே ஒரு பெண்ணுக்கான சராசரிப் பிள்ளைகள் எண்ணிக்கை பாதிக்கு மேல் சரிந்துவிட்டது. 2022இல் மொத்தத் தொகை குறைந்தது, 1961 பஞ்சத்துக்குப் பிறகு முதல்முறை. உந்தம் ஓய்ந்தது என்று அங்கே எழுதினால் இயல்பாக இருக்கும். எச்சம் ஓயுமா?

ய.: எனக்கும் உந்தமே. குடித்தொகை உந்தம்.

ந.: நன்றி. தமிழ்நாட்டுப் பள்ளி நூல் என்பதால் மக்கள்தொகை உந்தம் என்றே போகிறது. இயற்பியல் உந்தம் வேறு என்று பெட்டிச்செய்தி ஒன்று சேர்த்துவிட்டேன். வி. சொன்ன திருத்தமும் உள்ளே போய்விட்டது.

செ.: என் மறுப்பைப் பதிவுசெய்கிறேன். எச்சமே சரி. அப்புறம், உந்தி பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.