ஒஸ்லோவில் ஒரே நாள்: விகெலாண்ட் சிற்பங்களுக்கு அரைநாள் கொடுக்கலாமா?

கடற்காகம்:
சென்ற கோடையில் ஒஸ்லோவில் ஒன்றரை நாள்தான் இருந்தேன். அதில் ஒரு முற்பகல் முழுவதையும் ஃப்ரோக்னர் பூங்காவில் இருக்கும் விகெலாண்ட் சிற்பங்களுக்குக் கொடுத்தேன். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட சிற்பங்கள், அத்தனையும் குஸ்தாவ் விகெலாண்ட் என்ற ஒரே சிற்பியுடைய கற்பனை. வாயில், பாலம், நீரூற்று, ஒற்றைக்கல் தூண் எல்லாம் நூல் பிடித்தாற்போல ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. கிட்டத்தட்ட எந்த உருவத்துக்கும் உடையில்லை, பெயரில்லை, தொழிலில்லை. ஒஸ்லோ என்ற ஊரைப் பற்றி ஒரு சொல்கூட அங்கே இல்லை. பிற்பகல் ப்யோர்விகா துறைமுகப் பக்கம் போன பிறகுதான் அந்த நகரத்தையே பார்த்தேன். 2008இல் திறந்த ஓப்பரா அரங்கின் வெள்ளைக் கூரை சரிந்து வந்து கடலைத் தொடுகிறது, யார் வேண்டுமானாலும் ஏறி நடக்கலாம். எதிரே தண்ணீரில் மோனிகா பொன்விச்சினியின் கண்ணாடிச் சிற்பம் மிதக்கிறது. காற்றும் நீரோட்டமும் திருப்பியபடி அது திரும்புகிறது. ஒரே நாள் இருப்பவர்கள் அங்கே போங்கள்.

உளியோசை:
நீங்கள் அந்த நேர்கோட்டிலேயே நடந்து திரும்பியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தூணைச் சுற்றியுள்ள படிகளில் 36 கருங்கல் தொகுதிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் முன்னால் நான் அரைமணி நேரம் நின்றேன். ஒரு தாய் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிக் குனிந்திருக்கிறாள். முதுகின்மேல் இரண்டு குழந்தைகள். அவளுடைய சடையையே அவள் வாயில் கடிவாளமாகக் கொடுத்துப் பிடித்து ஓட்டுகிறார்கள். முன்னால் நின்றால் விளையாட்டு. பக்கவாட்டில் வந்து அந்த வாயைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. வளர்ப்பதில் இருக்கும் அன்பையும் களைப்பையும் ஒரே கல்லில் வைத்திருக்கிறார். பெயரில்லை என்கிறீர்கள். விகெலாண்ட் தம் சிற்பங்களுக்கு விளக்கம் எழுதி வைக்கவில்லை, பார்ப்பவர்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். எனக்கு அது குறையாகப் படவில்லை.

தென்னங்கீற்று:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 68 வயது அம்மாவோடு செப்டம்பரில் போகிறேன். உடையில்லாத சிற்பங்கள் என்கிறீர்களே, அவருக்குச் சங்கடமாக இருக்குமோ?

கடற்காகம்:
உளியோசை, அந்தத் தாயை நான் கவனிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி அதுவன்று. பொது இடத்தில் வைக்கும் கலையில் பொதுமக்களுக்கு என்ன பங்கு? அதே ப்யோர்விகாவில், 2020இல் திறந்த டைக்மன் என்ற நகரப் பொது நூலகத்தின் மேல்தளத்தில் ஒரு சிறிய மர அறை இருக்கிறது. கேட்டி பேட்டர்சன் என்ற கலைஞர் 2014இல் நகரத்துக்கு வெளியே உள்ள காட்டில் ஆயிரம் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக்கன்றுகள் நடச் செய்தார். ஆண்டுக்கு ஒரு எழுத்தாளர் ஒரு கையெழுத்துப் படியைக் கொடுக்கிறார், அது அந்த மர அறையில் இருக்கும், யாரும் படிப்பதில்லை. 2114இல் அந்த மரங்களிலிருந்து காகிதம் செய்து அச்சிடுவார்கள். அந்த அறையில் உட்கார்ந்தபோது, நான் பார்க்கப்போகாத வாசகர்களோடு உட்கார்ந்திருப்பதாக உணர்ந்தேன். ஒரு நகரம் தன் பிள்ளைகளின் பிள்ளைகளை நம்பிச் செய்யும் காரியம் அது. 121 உடல்கள் பின்னிக்கிடக்கும் தூணின் கீழே எனக்குத் தோன்றியது பிரமாண்டம் மட்டும்தான்.

ஃப்ரோக்னர் பக்கத்தவன்:
நான் இலங்கையிலிருந்து வந்து ஒஸ்லோவில் 28 வருடமாக இருக்கிறேன். இரண்டு பேரும் ஒரு கதையின் இரண்டு முனைகளைப் பிடித்திருக்கிறீர்கள். 1921இல் விகெலாண்ட் குடியிருந்து வேலை செய்த வீட்டை இடிக்க நகரம் முடிவு செய்தது. எதற்காக? நூலகம் கட்டுவதற்காக! நீண்ட இழுபறிக்குப் பிறகு நகரம் அவருக்குப் புதிய பட்டறையும் வீடும் கட்டிக்கொடுத்தது. பதிலுக்கு அவர் அதன்பின் செய்யும் படைப்பு எல்லாவற்றையும் நகரத்துக்கே எழுதிக்கொடுத்தார். அப்படி எழுந்த டைக்மன் நூலகம்தான் இப்போது ப்யோர்விகாவுக்கு இடம் மாறியிருக்கிறது. ஆகவே பூங்காவில் பொதுமக்களுக்குப் பங்கில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். அது அவர்களுடைய சொத்து.

ஒற்றை மனிதரின் கற்பனைதான், ஆனால் கை ஒற்றைக் கை அல்ல. அந்தத் தூணை மூன்று கல்தச்சர்கள் 14 ஆண்டுகள் செதுக்கினார்கள். 1943இல் விகெலாண்ட் இறந்த ஆண்டு வரை அந்த வேலை நடந்தது. பூங்காவைப் பேசுபவர்கள் அந்த மூன்று பேரை ஒரு தடவையாவது நினைக்க வேண்டும்.

தென்னங்கீற்று தங்கச்சி, என் அம்மாவை முதல்முறை கூட்டிப்போனபோது எனக்கும் அதே தயக்கம் இருந்தது. அவர் பத்து நிமிடத்தில் அதை மறந்துவிட்டார். பாலத்தில் காலை உதைத்துக்கொண்டு அழும் கோபக்காரச் சிறுவனின் வெண்கலச் சிலை இருக்கிறதே, அவனுடைய ஒரு கை பலர் பிடித்துப் பிடித்துப் பொன்போல மின்னுகிறது. அம்மாவும் பிடிக்கப் போனார், நான்தான் தடுத்தேன். தொட்டுத் தொட்டு வெண்கலம் தேய்கிறது, தயவுசெய்து நீங்களும் தொடாதீர்கள்.

உளியோசை:
நூலகக் கதை எனக்குத் தெரியாது. நன்றி அண்ணா.

கடற்காகம்:
எனக்கும் தெரியாது. சொத்து என்ற வாதத்தை ஏற்கிறேன். ஆனாலும் நகரம் சொந்தமாக வைத்திருப்பது வேறு, நகரத்தைப் பேசுவது வேறு. ஒரே நாள் வருபவருக்கு நான் இன்னும் ப்யோர்விகாவைத்தான் சொல்வேன். மறுபடி போனால் அந்தத் தாயைத் தேடிப்போய்ப் பார்ப்பேன்.

ஃப்ரோக்னர் பக்கத்தவன்:
அதற்கு அரைநாள் ஒதுக்க வேண்டியதே இல்லை. பூங்காவை இரவிலும் பூட்டுவதில்லை, கட்டணமும் இல்லை. நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் துறைமுகப் பக்கத்தை முடித்துவிட்டு, மாலையில் 12ஆம் எண் டிராமில் ஏறுங்கள். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அந்த நேரத்தில் சுற்றுலாப் பேருந்துகள் போயிருக்கும், வெயில் சாய்வாக விழும், கருங்கல்லில் உளிபட்ட தடம் ஒவ்வொன்றும் தெரியும். தங்கச்சி செப்டம்பரில் வருவதால் ஏழு மணிக்கு முன் போய்விடுங்கள். அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை எடுத்துக்கொள்ளுங்கள், அந்த மேட்டில் காற்று கடுமையாக அடிக்கும்.