கேத்தலின் தடைக்கு இரண்டு விடை வருகிறது, எது சரி?

உப்புவெளி:
வீட்டுக்குப் பின்னால், கடற்கரைப் பக்கமாக, வாடகைக்கு விட ஓர் அறை கட்டியிருக்கிறோம். அங்கே வைத்த புதுக் கரண்ட் கேத்தலில் தண்ணீர் கொதிக்க அதிக நேரம் எடுக்கிறது. அடியில் 230 வோல்ட், 2000 வாட் என்று போட்டிருக்கிறது. பிளக் பேஸில் செருகிப் பார்க்கும் சின்ன மீற்றர் ஒன்றை இரவல் வாங்கினேன். கேத்தல் ஓடும்போது 7.8 அம்பியர் காட்டுகிறது. 230ஐ 7.8ஆல் வகுத்தால் 29.5 ஓம். ஆனால் கேத்தலைக் கழற்றி, அதன் பிளக்கில் மல்டிமீற்றரை வைத்தால் 26.4 ஓம்தான். ஏன் இந்த வித்தியாசம்? கேத்தலைக் கடையில் திருப்பிக் கொடுக்கவா?

கிண்ணியா வயரிங்காரர்:
கொடுக்க வேண்டாம் தம்பி, கேத்தல் நல்லது. 230ஐ 230ஆல் பெருக்கி 2000ஆல் வகுத்துப் பாருங்கள், 26.45 ஓம் வரும். உங்கள் மல்டிமீற்றர் சொன்னதும் அதுதான்.

பிழை எங்கே என்றால், அம்பியரை அளந்து எடுத்தீர்கள், வோல்ட்டை அடியில் எழுதியிருந்ததைப் பார்த்து எடுத்தீர்கள். இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். கேத்தல் ஓடும்போது அந்த மீற்றரில் எத்தனை வோல்ட்? ஓடாதபோது எத்தனை? அப்புறம் மீற்றரை மெயின் போர்ட்டுக்குப் பக்கத்து பிளக் பேஸுக்கு மாற்றி, கேத்தல் ஓடும்போது அங்கேயும் பாருங்கள். வயர் என்ன, எவ்வளவு தூரம் என்பதும் வேண்டும்.

உப்புவெளி:
நானா, அளந்துவிட்டேன். அறையில் கேத்தல் ஓடாதபோது 232, ஓடும்போது 206. போர்ட் பக்கம், கேத்தல் ஓடும்போதும் 230. லைட்டுக்கு என்று இழுத்த 1/1.13 செப்பு வயர், 35 மீற்றர். நடுவில் கிணற்றடியில் ஒரு ஜொயின்ட் பெட்டி இருக்கிறது.

கிண்ணியா வயரிங்காரர்:
தம்பி, முதலில் அந்த அறையின் பிரேக்கரை நிறுத்துங்கள். கணக்கைப் பிறகு வாசிக்கலாம்.

சரி. 206ஐ 7.8ஆல் வகுத்தால் 26.4 ஓம், கேத்தல் கணக்கு நேராகிவிட்டது. 206ஐ 7.8ஆல் பெருக்கினால் 1607 வாட். 2000 எங்கே, 1607 எங்கே. தண்ணீர் மெதுவாகக் கொதிப்பதற்குக் காரணம் இதுதான்.

போர்ட்டில் 230, அறையில் 206. நடுவழியில் 24 வோல்ட் போகிறது. 24ஐ 7.8ஆல் வகுத்தால் 3.08 ஓம். 1/1.13 என்பது ஒரு சதுர மில்லிமீற்றர் வயர். செப்பில் ஒரு கிலோமீற்றருக்கு 18.1 ஓம் வரை இருக்கலாம். போய் வரும் தூரம் 70 மீற்றர், அதற்கு 1.27 ஓம். மீதி 1.81 ஓம் வயருக்குச் சொந்தமில்லை. அது ஏதோ ஒரு மூட்டில் இருக்கிறது.

அந்த மூட்டில் எரிவது எவ்வளவு? 7.8ஐ 7.8ஆல் பெருக்கி, 1.81ஆல் பெருக்கினால் 110 வாட். வயரில் போகும் 77 வாட்டும் வீண்தான், ஆனால் 70 மீற்றருக்குப் பரவிவிடும். இந்த 110 வாட்டும் ஒரு திருகாணி அளவு இடத்தில். இரண்டு மூன்று சோல்டர் அயனை ஒரு பெட்டிக்குள் பூட்டி வைத்தது மாதிரி. பிரேக்கர் விழாது, ஏனென்றால் கெட்ட மூட்டு கரண்டைக் குறைத்துத்தான் விடுகிறது. கசிவு இல்லாததால் ட்ரிப் சுவிட்சும் பேசாமல் இருக்கும். பெட்டியை நீங்கள் திறக்க வேண்டாம், தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்.

பாலையூற்று மாணவி:
நானா, நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். 60 வாட் இழை பல்ப்புக்கு இதே கணக்கில் 882 ஓம் வருகிறது. மல்டிமீற்றரில் 65 ஓம்தான் காட்டுகிறது. அங்கே என்ன பிழை?

உவர்மலை:
பிழையே இல்லை தங்கச்சி. தங்குதன் இழை எரியும்போது 2500 பாகை செல்சியசை ஒட்டிச் சூடேறும், தடையும் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். நீங்கள் அளந்தது குளிர்ந்த இழையை. கேத்தலில் இருப்பது நைக்ரோம் கம்பி. அதன் தடை சூட்டில் சில சதவீதம்தான் மாறும், அதனால்தான் அங்கே இரண்டு விடையும் ஒத்துப்போனது.

உப்புவெளி:
நேற்று ஆள் வந்து மெயினை நிறுத்திப் பெட்டியைத் திறந்தார். கனெக்டரின் ஒரு பக்கம் உருகிப் பழுப்பாகியிருந்தது. திருகாணி தளர்ந்து, செப்பு பச்சை பிடித்திருந்தது. கடற்காற்றும் வாடை மழையும் உள்ளே போயிருக்க வேண்டும். பெட்டிக்கு மேலேதான் என் மகளின் சைக்கிளைச் சாத்தி வைப்போம் நானா. நினைக்கவே நடுங்குகிறது. வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டபின் அவர் முன்னாலேயே ஒரு தடவை அளந்தோம்: 219 வோல்ட், 8.3 அம்பியர். வகுத்தால் 26.4, பெருக்கினால் 1818. சனிக்கிழமை அதைவிடத் தடித்த 7/0.67 வயர் இழுக்கிறோம்.

கிண்ணியா வயரிங்காரர்:
அல்ஹம்துலில்லாஹ். அதுவரை அந்த லைட் வயரில் கேத்தல் போட வேண்டாம். புது வயரில் 225 வோல்ட்டை ஒட்டி, 8.5 அம்பியர், 1900 வாட்டுக்கு மேல் வர வேண்டும். நீர் புகாத பெட்டி போடச் சொல்லுங்கள், முடிந்தால் நடுவில் மூட்டே இல்லாமல் ஒரே இழுவையாக இழுக்கச் சொல்லுங்கள். அளந்துவிட்டு எழுதுங்கள் தம்பி. 220க்குக் கீழே நின்றால் இன்னொரு மூட்டைத் தேட வேண்டியிருக்கும்.