தலை சி.டி.யில் வளையம் விழுகிறது, அடுத்து எதைப் பார்ப்பது?

16 டிடெக்டர் வரிசை உள்ள மெஷின். படத்தின் மையத்திலிருந்து சுமார் 3 செ.மீ. தள்ளி ஒரு மெல்லிய வட்டக்கோடு. வயிற்றுப் படத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை, விண்டோ அகலம் (கறுப்பு முதல் வெள்ளை வரை காட்டும் அளவு வீச்சு) 400 அல்லவா. மூளைக்கு 80 வைத்ததும் பளிச்சென்று நிற்கிறது. ஐந்தாறு ஹவுன்ஸ்ஃபீல்டு (சி.டி. அடர்த்தி அலகு, தண்ணீருக்கு 0) வித்தியாசம்தான். ஆனால் மூளைத்தண்டுப் பக்கம் விழுந்தால் ரிப்போர்ட் எழுதுபவர் ரத்தக்கசிவோ என்று குழம்பிவிடுவார்.

எக்ஸ்ரே டியூபும் டிடெக்டரும் சேர்ந்தே சுற்றுவதால், டிடெக்டரின் ஒரு செல் தவறாக அளந்தால் எல்லாக் கோணத்திலும் மையத்திலிருந்து அதே தூரத்தில் தவறு பதிந்து வட்டமாகிறது. அதுவரை சந்தேகமில்லை.

செய்து பார்த்தவை: டியூப் வார்ம்-அப், ஏர் கேலிப்ரேஷன் (உள்ளே எதுவும் வைக்காமல் டிடெக்டரைச் சரிபார்ப்பது) இரண்டு முறை. கேன்ட்ரியின் (மெஷினின் வட்டப் பகுதி) உட்புற மைலார் பிளாஸ்டிக் வளையத்தில் கான்ட்ராஸ்ட் மருந்து சிந்திய கறை இருக்குமோ என்று ஈரத்துணியால் துடைத்தாயிற்று (பல நேரம் இதுவே காரணம்). தண்ணீர் ஃபாண்டமில் (தண்ணீர் நிரப்பிய சோதனை உருளை) 120 கேவி டியூப் மின்னழுத்தத்தில் சராசரி 1 ஹவுன்ஸ்ஃபீல்டு, அதாவது சரி. ஆனாலும் வளையம் அதே இடத்தில். ஆக்சியலில் (மேசை நின்றபடி எடுப்பது) ஒவ்வொரு சுற்றிலும் ஒரே வரிசையின் படத்தில் மட்டும். ஹெலிக்கலில் (மேசை நகர்ந்தபடி எடுப்பது) துண்டு வளைவாக.

அந்தச் செல் இருக்கும் டிடெக்டர் மாட்யூலை (செல்களின் தொகுதி) ஓரத்து மாட்யூலோடு இடம் மாற்றிப் பார்த்தவர்கள் உண்டா? மாற்றியபின் ஏர் கேலிப்ரேஷன் மட்டும் போதுமா, தண்ணீர் ஃபாண்டமில் எல்லா கேவி-க்கும் திரும்பச் செய்ய வேண்டுமா? மாட்யூலுக்கு முன் கனெக்டரைக் கழற்றி மாட்டிச் சரியானதுண்டா?