நீரில் எண்ணெயா, எண்ணெயில் நீரா: ஒரு பாடத்தலைப்புக்கான சொல் தேடல்

திண்டுக்கல், திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறேன். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கான தமிழ்க் குறிப்பேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். எல்லாம் முடிந்து ஒரே ஒரு தலைப்பில் நிற்கிறேன். ரேடியேட்டர் தண்ணீரோடு எஞ்சின் ஆயில் கலந்துவிடும் பழுதுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது? பழைய குறிப்பில் 'குளிர்விப்பான் மாசுபாடு' என்று இருக்கிறது. போன வாரத் தேர்வில் ஒரு பையன் அதற்கு, 'ரேடியேட்டரின் முன்பக்கம் தூசி அடைத்துக் காற்றுப் போகாமல் எஞ்சின் சூடாவது' என்று விடை எழுதினான். அவனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மாசு என்றால் அவனுக்குத் தூசிதான்.

பெயரைக் கேட்டதும் எது எதற்குள் போனது என்று தெரிய வேண்டும். இது ஒன்றுதான் என் நிபந்தனை. பழுதைத் தேடும் வழியே அதில்தான் பிரிகிறது. வண்டி ஓடும்போது ஆயில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு மூன்று, நான்கு கிலோ இருக்கும். ரேடியேட்டர் மூடி தாங்குவது ஏறத்தாழ ஒரு கிலோ. இரண்டுக்கும் நடுவே ஓட்டை விழுந்தால் ஆயில்தான் தண்ணீர்ப் பக்கம் தள்ளப்படும். வண்டியை அணைத்ததும் ஆயில் அழுத்தம் பூஜ்யம் ஆகிவிடும், சூட்டினால் தண்ணீரின் அழுத்தம் மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும். அந்த நேரத்தில் அதே ஓட்டை வழியாகத் தண்ணீர் ஆயிலுக்குள் போகலாம். கூலண்ட் (ரேடியேட்டரில் ஓடும் குளிர்விக்கும் திரவம்) டப்பாவில் காப்பி நிறத்தில் கூழ் மிதக்கிறது, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை உருவிப் பார்த்தால் ஆயில் சுத்தமாக இருக்கிறது என்றால் முதல் சந்தேகம், ஆயிலைத் தண்ணீரால் ஆற்றும் ஆயில் கூலர் மேல் விழ வேண்டும். டிப்ஸ்டிக்கிலும் வெளுத்த கூழ், டப்பாவில் விடாமல் குமிழ், புகைபோக்கியில் வெள்ளைப் புகை என்றால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் பக்கம் போகலாம்.

இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு பட்டறையில் பார்த்தேன். டீசல் கார். டப்பாவில் கூழைப் பார்த்ததுமே ஹெட்டைத் தூக்கிவிட்டார்கள். லேத்தில் கொடுத்து முகம் சீவி, புதுக் கேஸ்கட் போட்டு மூடினார்கள். நான்காம் நாள் மறுபடியும் கூழ். அப்புறம்தான் ஆயில் கூலரைக் கழற்றினார்கள். உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஆயில் வழியில் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் மூன்று கிலோ காற்று விட்டு வாளித் தண்ணீரில் முக்கினோம். தண்ணீர் போகும் துளையிலிருந்து ஊசிமுனைக் குமிழ்கள் வரிசையாக ஏறின. வண்டிக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். என் பிள்ளைகள் அப்படி ஒருவர் முன்னால் நிற்கக் கூடாது.

வெள்ளிக்குள் ஒரு சொல் கொடுங்கள்.

தஞ்சாவூர், செவ்வாய் காலை

ஆசிரியர் தம்பிக்கு வாழ்த்து. முதலில் எண்ணெய் என்ற சொல்லையே விட வேண்டும். வெள் + நெய் வெண்ணெய் ஆனது போல எள் + நெய் எண்ணெய் ஆயிற்று. எஞ்சினில் ஊற்றுவது எள்ளில் ஆட்டி எடுத்ததன்று. நெய் என்பதே பழைய பொதுச்சொல். 'நெய்யால் எரிநுதுப்பேம்' என்று வள்ளுவர் சொல்கிறாரே, அந்த நெய். எரிவதும் வழுக்குவதும் அதன் இயல்பு. உங்கள் எஞ்சின் நெய்க்கும் அதுவே இயல்பு.

அடுத்தது கலப்பு. கலப்படம் என்றால் வணிகன் வேண்டுமென்றே செய்யும் குற்றம், அது இங்கே ஆகாது. நம் இலக்கணம் மயக்கம் என்ற அருமையான சொல்லைக் கையில் தந்திருக்கிறது. ஐம்பூதமும் 'கலந்த மயக்கம் உலகம்' என்கிறது தொல்காப்பிய மரபியல். மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து நிற்பதை மெய்ம்மயக்கம் என்கிறோம். தன்னோடு தானே சேர்ந்து நின்றால் உடனிலை, பிறவற்றோடு நின்றால் வேற்றுநிலை. ரகரமும் ழகரமும் தம்மோடு தாம் ஒருபோதும் சேரா. இயல்பால் சேராத இரண்டு ஓரிடத்தில் அகப்பட்டுக்கொண்டால் அது வேற்றுநிலை மயக்கம்தானே? நீரும் நெய்யும் அப்படித்தான். மெய்ம்மயக்கம் போல நெய்ம்மயக்கம் என்று வையுங்கள். ஓசையும் நிறைவாக இருக்கிறது.

கோவை, செவ்வாய் மதியம்

புலவர் ஐயா, பட்டறை வைத்து இருபத்தாறு வருசம் ஆச்சுங்க. நெய்ம்மயக்கம்னு எழுதிக் கொடுத்தா பையன் வண்டிக்காரருக்குச் சோடா வாங்கியாரப் போயிருவான்.

எங்க கடையில சொல்றது இதுதான்: 'தண்ணியில ஆயில் ஏறிருச்சு', 'ஆயில்ல தண்ணி இறங்கிருச்சு'. ஆயில் லேசு, டப்பாவுல மேல ஏறி மிதக்கும். தண்ணி கனம், ஆயில் சேம்பர் அடியில போய் உக்காரும். நட்டைக் கழட்டினா முதல்ல தண்ணிதான் வரும். வாத்தியார் கேட்கிற 'எது எதுக்குள்ள' அந்த ஏறினது, இறங்கினதுலயே வந்துருதுங்களே.

சிங்கப்பூர், செவ்வாய் இரவு

வேதியியல் பக்கமிருந்து ஒரு குறிப்பு. அந்தக் கூழுக்குப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பால்மம் என்றுதான் படித்தோம். பம்பு சுழன்று சுழன்று கடைவதால் ஒட்டாத இரண்டும் நுண்துளிகளாகி வெளுத்துக் கெட்டியாகின்றன. ஆனால் பால்மம் என்பது பொருளின் நிலை, பழுதின் பெயர் அன்று. தலைப்புக்கு வேண்டாம், உள்ளே விளக்கத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.

டப்பாவில் பழுப்பாக இருப்பதெல்லாம் எண்ணெய் அன்று என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். துரு கரைந்தாலும் பழுப்புத்தான். சேராத இரண்டு வகைக் கூலண்டைக் கலந்தாலும் சேறு போலத் திரளும். கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் எடுத்து இரவு முழுக்க அசையாமல் வைத்தால் துரு அடியில் தங்கும், எண்ணெய் மேலே படலமாக நிற்கும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகள் பலவற்றில் கியர் எண்ணெயை ஆற்றும் குழாய் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே ஓடும். அது உடைந்தால் ரோஸ்மில்க் நிறத்தில் வரும். அப்போது எஞ்சினைத் தொடவே வேண்டாம். ஆகவே 'எந்த எண்ணெய்' என்பதற்கும் சொல்லில் இடம் வேண்டும்.

யாழ்ப்பாணம், புதன் காலை

வணக்கம். நான் மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவள், றேடியேற்றரைத் திறந்து பார்த்தவள் அல்ல. எண்ணெய் பற்றிப் புலவர் ஐயா சொன்ன பிரிப்புச் சரி. ஆனால் தேங்காயெண்ணெய் வந்த நாளிலேயே எள் உதிர்ந்துபோய்விட்டது. மண்ணெண்ணெய்யில் மண்ணும் எள்ளும் நெய்யும் சேர்ந்து நிற்கின்றன, ஒருவருக்கும் உறுத்தவில்லை. நெய் என்று எழுதினால் இன்று பசுநெய்தான். அந்தச் சொல்லை இனிப் பழைய இடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோக ஏலாது.

ஆசிரியரின் நிபந்தனைதான் எனக்குப் பிடித்திருக்கிறது. 'எண்ணெய் நீர்க் கலப்பு' என்று தொகையாக எழுதினால் உருபு மறைந்துவிடும், நீரில் எண்ணெயா, எண்ணெயில் நீரா என்று தெரியாது. தமிழில் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஏழாம் வேற்றுமை இருக்கிறது. 'நீரில் எண்ணெய்', 'எண்ணெயில் நீர்' என்று உருபை வெளிப்படையாகவே வைத்துவிடலாம். எந்த எண்ணெய் என்பதும் தீர்ந்துவிடும்: நீரில் எஞ்சின் எண்ணெய், நீரில் கியர் எண்ணெய்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. கோவை அண்ணரின் 'இறங்கிருச்சு' எனக்கு நீரிழிவை நினைவூட்டுகிறது. இழிதல் என்றால் இறங்குதல். நீர் கீழே இறங்குவதால் நீரிழிவு. நீர்க்கடுப்பு, நீர்க்கோவை எல்லாம் இப்படி உடலில் நடப்பதைப் பார்த்து வைத்த பெயர்கள். அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து பின்னர் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தபோது, வீட்டுப் பேச்சில் கிடந்த இந்த நோய்ப்பெயர்கள் பக்கத்தில் இருந்தன. எஞ்சினின் நோய்ப்பெயர்கள் பட்டறைப் பேச்சில் இருக்கின்றன. அங்கேயிருந்து எடுத்தால் என்ன?

தஞ்சாவூர், புதன் மாலை

அம்மா சொன்ன நீரிழிவே என் பக்கம் சான்று. அது 'நீர் கீழே இறங்கல்' என்று நிற்கவில்லை. சுருங்கித் தொகையாகி ஒரு சொல்லாயிற்று. உருபு விரிந்து நின்றால் அது தொடர், பெயர் அன்று. 'நீரில் எண்ணெய்' என்று ஒருவன் சொன்னால் 'சரி, அதற்கென்ன?' என்றுதான் கேட்கத் தோன்றும். பயனிலைக்குக் காத்திருக்கும் தொடரைத் தலைப்பாக வைக்கலாமா? ஏறலும் இறங்கலும் வேண்டுமென்றால் எண்ணெயேற்றம், நீரிறக்கம் என்றாவது செய்யுங்கள். நெய்யேற்றம் என்றால் இன்னும் நன்று. தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டித்து அழகாக நிற்கிறது பாருங்கள்.

இடையில் ஒரு கேள்வி. எல்லோரும் கூலண்ட் என்றே எழுதுகிறீர்கள். அதற்கு என்ன செய்யப் போகிறோம்? குளிரூட்டி என்றால் ஏசி ஆகிவிட்டது. குளிர்வி என்பது ஏவல்வினையாகவும் நிற்கும், இகர ஈற்றுப் பெயராகவும் நிற்கும். ஆறு, ஆற்று என்ற தன்வினை பிறவினை இணையே சூட்டைத் தணிப்பதற்கு உரியது. டபராவில் காப்பியை ஆற்றுகிறோம், குளிர்விப்பதில்லை. ஆகவே ஆற்றுநீர்.

கோவை, புதன் இரவு

ஆத்துத் தண்ணியை ரேடியேட்டர்ல ஊத்தாதேன்னுதான் பசங்களுக்கு முதல் நாளே சொல்றோம் ஐயா. உப்புப் படிஞ்சு ட்யூப் அடைச்சுக்கும். எண்ணெயேற்றம்னா எங்க ஊர்ல விலை ஏறிருச்சுன்னு நினைப்பாங்க.

சிங்கப்பூர், புதன் இரவு

ஒரு வேடிக்கையான உண்மை: தண்ணீர் என்பதே தண் + நீர், குளிர்ந்த நீர். வெந்நீருக்கு எதிர்ச்சொல். சூடான எஞ்சினைச் சுற்றி ஓடுவதை 'ரேடியேட்டர் தண்ணி' என்று பட்டறையில் சொல்லும்போது கூலண்ட் என்பதன் பொருள் அதில் முழுதாக இருக்கிறது. ஆனால் பாதி கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் இருக்கும் திரவத்தைத் தண்ணீர் என்று பாடநூலில் எழுத எனக்குக் கை வரவில்லை. வெறுந்தண்ணீரை ஊற்றிவிடுவார்கள்.

திண்டுக்கல், வியாழன் காலை

நான்கு பேருக்கும் நன்றி. நேற்று இரண்டு வகுப்பில் சோதித்துப் பார்த்தேன். கரும்பலகையில் எல்லாச் சொல்லையும் எழுதிவிட்டு, 'இந்தப் பழுதில் முதலில் எதைக் கழற்றுவீர்கள்?' என்று மட்டும் கேட்டேன். 'நீரில் எண்ணெய்' என்ற வரிக்கு முன்வரிசை, பின்வரிசை எல்லாரும் கூலர் என்றார்கள். நெய்ம்மயக்கத்துக்கு ஒருவனும் வாய் திறக்கவில்லை. புலவர் ஐயா மன்னிக்க வேண்டும். நான் விளக்கியதும் ஒருவன் அதை நோட்டில் எழுதிக்கொண்டான் என்பதையும் சொல்ல வேண்டும்.

சரிசெய்யும் பகுதியை இப்படி எழுதியிருக்கிறேன். சொல் இடறுகிறதா பாருங்கள்:

'நீரில் எண்ணெய் கண்டால் வண்டியை ஓட்டாதே. கூலரைக் கழற்றிக் காற்று விட்டுச் சோதி. பழுதென்றால் கூலரையும் அதன் ரப்பர் வளையங்களையும் மாற்று. பிறகு பழைய நீரை வடித்து, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வைத்துவிட்டு, நுரை குறைந்த கழுவுபொருளைச் சுடுநீரில் கரைத்து ஊற்று. ஹீட்டரைத் திறந்து வைத்து எஞ்சினைக் கால்மணி நேரம் ஓடவிட்டு வடி. வடியும் நீரை வெள்ளைத் தட்டில் பிடித்துப் பார். வானவில் படலம் மறையும்வரை மீண்டும் செய். நான்கைந்து முறையில் தெளியாவிட்டால் சோர்ந்து நிறுத்தாதே. ரேடியேட்டர் ஹோஸைக் கையால் அழுத்திப் பார். எண்ணெய் குடித்த ரப்பர் ஊதி, அப்பம் போல மெத்தென்று இருக்கும். அதை மாற்று. கடைசியில் தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் பொருத்தி, காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் சரிபாதி ஊற்றிக் காற்றை வெளியேற்று.

எண்ணெயில் நீர் கண்டால் எஞ்சினை இயக்கவே இயக்காதே. நீர் கலந்த எண்ணெயின் படலம் பேரிங்கைத் தாங்காது. மூடியின் உட்புறம் மட்டும் வெளுத்திருந்து டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்தால் அது குளிரில் குறுந்தூரம் ஓடிய வண்டியின் ஈரமாகவும் இருக்கலாம். அதை வைத்து ஹெட்டைத் தூக்காதே.'

இதில் எங்கும் சொல் தேடித் தடுமாறவில்லை. ஆகவே தலைப்பு: நீரில் எண்ணெய், எண்ணெயில் நீர். இன்று இரவுக்குள் ஒப்புதலோ மறுப்போ சொல்லுங்கள்.

யாழ்ப்பாணம், வியாழன் மதியம்

ஒப்புதல். 'அப்பம் போல' என்பதை எடுத்துவிடாதேங்கோ.

சிங்கப்பூர், வியாழன் மாலை

ஒப்புதல். பால்மம் ஓர் அடைப்புக்குள்ளாவது வந்தால் மகிழ்வேன்.

கோவை, வியாழன் இரவு

ஏறிருச்சு, இறங்கிருச்சுதான் எனக்குப் பிடிச்சது. இதுவும் பரவாயில்லைங்க. பையனுக்குப் புரிஞ்சா போதும்.

தஞ்சாவூர், வியாழன் இரவு

பெரும்பான்மைக்குத் தடையாக நிற்க மாட்டேன். என் மறுப்பைப் பதிவாக வைத்துக்கொள்ளுங்கள். தொடரைப் பெயராக ஏற்றால் நாளை ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு வாக்கியம் எழுத வேண்டியிருக்கும். 'நீரில் எண்ணெய்ப் பழுதுச் சோதனைக் கருவி' என்று சேர்த்து எழுதிப் பாருங்கள், நான் சொல்வது தெரியும். ஒரு சொல்லாக இருந்தால்தான் அதன்மேல் இன்னொரு சொல் கட்ட முடியும். நெய்ம்மயக்கத்தை எழுதிக்கொண்ட அந்தப் பையனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

திண்டுக்கல், வெள்ளி காலை

அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். பால்மம் விளக்கத்தில் வருகிறது. பின்னிணைப்புச் சொற்பட்டியலில் 'நீரில் எண்ணெய்' என்பதற்கு எதிரே நெய்ம்மயக்கமும் இருக்கிறது, ஐயா. நீங்கள் சொன்ன கருவியின் பெயரை எழுதிப் பார்த்தேன். இடிக்கத்தான் செய்கிறது. இப்போதைக்குக் 'காற்றழுத்தச் சோதனைக் கருவி' என்று சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

கூலண்ட் கூலண்டாகவே அச்சேறுகிறது. இரண்டாம் பதிப்பு அடுத்த ஆண்டு. அதற்குள் அதற்கு ஒரு சொல் வேண்டும். ஆற்றுநீர் தவிர.