சிட்னி 'லாக்அவுட்' காலத்தில் இரவு வேலை பார்த்தவர்கள் உதவுங்களேன்

வணக்கம். சிட்னியின் இரவு வாழ்க்கை பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 2014 பிப்ரவரியில் இரவு விடுதிகள் நிறைந்த கிங்ஸ் கிராஸ் பகுதியிலும் நகர மையத்திலும் வந்த லாக்அவுட் சட்டம் பலருக்கு நினைவிருக்கும். இரவு 1.30க்கு மேல் பாருக்குள் யாரையும் புதிதாக விடக்கூடாது, 3 மணியோடு மது பரிமாறுவதை நிறுத்த வேண்டும். சிகரெட் பிடிக்க வெளியே வந்தவர், கூட வந்தவர்கள் உள்ளே இருந்தாலும் திரும்ப நுழைய முடியாது. இந்த விதி தெரியாத வெளிநாட்டுப் பயணிக்கு எப்படி இருந்திருக்கும்!

தனித்தனிச் சம்பவங்களில் ஒரே ஒரு கைக்குத்தில் இரண்டு இளைஞர்கள் உயிரிழந்த பிறகு வந்த சட்டம் இது. அந்தக் குடும்பங்களின் வலியை ஒதுக்கிவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை. கிங்ஸ் கிராஸில் அடிதடி குறைந்ததும் உண்மை. ஆனால் ஸ்டார் கேசினோவைச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே விட்டது நியாயமாகப் படவில்லை.

நகர மையத்தில் 2020 ஜனவரியிலும் கிங்ஸ் கிராஸில் 2021 மார்ச்சிலும் சட்டம் விலகியது. சட்டம் இருந்த காலத்தில் அங்கே டாக்சி ஓட்டியவர்கள், ஹோட்டல் வரவேற்பிலோ உணவகச் சமையலறையிலோ இருந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சவாரி எந்த நேரத்தில் குறைந்தது? ஷிப்டைக் குறைத்தார்களா? "இனி எங்கே போவது?" என்று கேட்ட பயணிகளை எங்கே அனுப்பினீர்கள்? இன்பாக்ஸில் எழுதுங்கள், பெயர் வெளியிட மாட்டேன்.