குர்ஷித்தும் சூரியனும்: நம் குடும்பக் குழுவில் ஓர் உரையாடல்

*தங்கை:* பெரியப்பா, பாரசீகத்தில் சூரியனுக்குக் 'குர்ஷித்' என்று பெயராம். அதுவும் 'சூர்ய' என்ற வடசொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று படித்தேன். ஒலியில் ஒன்றும் ஒட்டவில்லையே?

*பெரியப்பா:* ஒரே வேர்தான் அம்மா. 'குர்' என்பது மட்டுமே சூரியன். 'ஷித்' என்பது ஒளிவீசுகின்ற என்னும் அடைமொழி. பழைய ஈரானியரின் மறைநூலான அவெஸ்தாவில் இவை 'ஹ்வரெ', 'க்ஷயேத' என்று இரு சொற்களாகவே நிற்கின்றன. ஸப்த என்பது ஹப்த என்றும், ஸோம என்பது ஹவோம என்றும் ஆனதுபோல, ஈரானிய மொழிக் கிளையில் ஸகரம் ஹகரமானது. எனவே ஹ்வரெ என்பதற்கு நேரானது வேதத்தின் 'ஸ்வர்'. இவ்விரண்டையும் ஒப்பிட்டு, இந்திய, ஈரானியக் கிளைகள் பிரிவதற்கு முன் வழங்கிய இந்தோ-ஈரானிய மூலச்சொல்லை \*ஸு'அர் என்று மீட்டிருக்கிறார்கள். எந்த ஏட்டிலும் கிடைக்காத, ஒப்பீட்டால் மட்டுமே பெற்ற வடிவம் என்பதை முன்னுள்ள நட்சத்திரக் குறி காட்டுகிறது.

*அண்ணன்:* நடுவிலுள்ள குறி எதற்காக, பெரியப்பா?

*பெரியப்பா:* மறைந்துபோன ஒரு தொண்டை ஒலிக்காக. மெய்க்கு முன் வந்த இடங்களில் அது தனக்கு முன்னிருந்த குறிலை நெடிலாக்கிவிட்டு மறைந்தது. 'சூர்ய' நெடிலில் தொடங்குவது அதனால்தான். உயிருக்கு முன் வந்தபோது சொல் இரண்டு உயிரொலிகளோடு நின்றது. ரிக்வேதத்தில் ஸ்வர் என்று எழுதியிருந்தாலும் யாப்பு 'ஸுவர்' என்றே கேட்கிறது. காயத்ரிக்கு முன் 'பூர் புவ ஸுவ' என்று யஜுர்வேதத்தின் தைத்திரீயப் பாடத்தார் ஓதுவதை நம் ஊர்களிலேயே கேட்கலாம். மற்றப் பாடங்களில் அது 'ஸ்வ' என்று சுருங்கியிருக்கும்.

எனக்கு இதைவிட வியப்பளிப்பது வேற்றுமை உருபு ஏற்கும் விதம். எழுவாயில் ரகரத்தில் முடியும் இச்சொல், 'சூரியனுடைய' என்னும் ஆறாம் வேற்றுமையில் ரகரத்தை விட்டு னகரத்தை ஏற்றது. அவெஸ்தாவின் பகுதியான, ஈரானியச் சமய குரு ஜரதுஷ்டிரருடைய காதாப் பாடல்களில் வரும் 'க்வேங்' என்ற வடிவத்தில் அந்த மூக்கொலியின் சுவடு இன்னும் இருக்கிறது. வேதமோ அங்கும் ரகரத்தையே நீட்டி 'ஸூரஸ்' என்று சொல்லிவிட்டதால், அதை மட்டும் வைத்துக்கொண்டு னகரத்தைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

*தங்கை:* அப்படியானால் இலத்தீனின் 'ஸோல்'?

*பெரியப்பா:* அதுவும் உறவுதான். இன்னும் பழைய இந்தோ-ஐரோப்பிய மூலத்தில் இருந்த லகரம் இந்தோ-ஈரானியத்தில் ரகரமாயிற்று.

*அண்ணன்:* சொல் மட்டும்தான் பொதுவா?

*பெரியப்பா:* இல்லை, சொல்லோடு வருணனையும் வந்திருக்கிறது. ரிக்வேதம் சூரியனை மித்திரன், வருணன் ஆகியோரின் கண் என்கிறது. அவெஸ்தா தன் முழுமுதற் கடவுளான அகுர மஸ்தாவின் கண் என்கிறது. விரைந்தோடும் குதிரைகளை இரண்டுமே அவனுக்குத் தருகின்றன.